வீட்டிற்குள் இரண்டு பந்தி

நம்மவர் மேடையேறினால் மூன்று விஷயங்களைத் தொடாமல் இறங்குவதில்லை. தமிழின் தொன்மை ஒன்று; தமிழரின் விருந்தோம்பல் மற்றொன்று; தாயின் கைமணம் மூன்றாவது. தொன்மையைப் புலவர்களிடம் விட்டுவிடுவோம். மற்ற இரண்டையும் குறித்துச் சில கேள்விகள் கேட்க வேண்டிய காலம் எப்பொழுதோ வந்துவிட்டதென்பது நமது அபிப்பிராயம்.

பிரசங்கியார் எழுந்து தம் அன்னையார் ஆக்கிய மீன் குழம்பைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். புளியைக் கரைத்ததும், மிளகாயை அம்மியில் வைத்து அரைத்ததும், மண்சட்டியிலே குழம்பு கொதித்துச் சுண்டியதும், மறுநாட் காலையில் அதே குழம்பு பழஞ்சோற்றோடு கூடி அமுதாய் இனித்ததும் ஒவ்வொன்றாய் வெளிவருகின்றன. சபையோர் நாவில் நீர் ஊறுகிறது. சிலருக்குக் கண்ணிலும் ஊறுகிறது. கரகோஷம் எழுகிறது. நாமும் அத்தகைய கூட்டங்களில் அமர்ந்து கைதட்டியவர்களே. ஆனால், பிரசங்கியாரை நோக்கி ஒருவரும் கேளாத கேள்வியொன்று உண்டு. ஐயா, அந்தக் குழம்பைத் தங்கள் அன்னையார் எத்தனை மணிக்கு உண்டார்? எங்கே அமர்ந்து உண்டார்? அவருக்கு வாய்த்த துண்டு எது?

இதற்கு விடைகூற நம்மிற் பலரால் இயலாது. ஏனெனில் நாம் பார்த்ததில்லை. உண்டோம், கை கழுவினோம், திண்ணைக்கு வந்துவிட்டோம். உள்ளே என்ன நடந்ததென்று திரும்பிப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை. ஆகவே நடப்பதை நாமே சொல்லிவிடுகிறோம். முதலில் விருந்தினரும் வீட்டு ஆடவரும் உண்பர். அடுத்து ஆண் பிள்ளைகள். பின்னர் பெண் பிள்ளைகள். மாமியார் இருப்பின் அவர். இத்தனை பேரும் எழுந்த பின்னர், ஆக்கியவள் அடுக்களைத் தரையிலே குந்தி, சட்டியின் அடியை வழித்து உண்பாள். அப்பளம் அதற்குள் நமத்துப் போயிருக்கும். இரசத்தின் தெளிவெல்லாம் போய் மண்டி நிற்கும். மீனில் தலையோ வாலோ எஞ்சியிருக்கும். கணவன் உண்டெழுந்த இலையிலேயே மனைவி உண்ணுதல் பத்தினி தர்மம் என்று பெருமை பேசிய வீடுகளும் நம்மிடையே இருந்தன. ஆறிய சோற்றையும் எச்சில் இலையையும் ஒருத்திக்கு உரிமையாக்கிவிட்டு, அதற்குக் கைமணம் என்று பெயரிட்டு மேடையிற் புகழ்வது என்ன நியாயம்?

"இஃதென்ன அற்ப விஷயம்! ஜாதிக் கொடுமை இருக்கிறது, மூடப்பழக்கம் இருக்கிறது, கள் இருக்கிறது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டுச் சீர்திருத்தக்காரர் சோற்றுப் பானைக்குள் தலையை நுழைப்பானேன்?" என்று நம் தோழர்களே சிலர் நகைப்பர். அவர்களுக்குச் சீர்திருத்தத்தின் சரித்திரத்தையே நினைவூட்ட விரும்புகிறோம். திருநெல்வேலிச் சீமையிலுள்ள சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், பிராமணப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து உண்ணாமல் தனித்து உண்ண இடங்கொடுக்கப்பட்டது. 1924, 1925ஆம் ஆண்டுகளில் அதனை எதிர்த்துத் தமிழ்நாடு முழுவதும் கிளர்ச்சி எழுந்தது. வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் முன்னின்று வாதாடினர். உள்ளே ஆக்கிய சோறு ஒன்றே ஆயினும், தனிப் பந்தி என்பதே இழிவு என்று சொன்னார்கள். யார் யாரோடு அமர்ந்து உண்பது என்பது அற்ப விஷயமாயிருந்தால் அந்தக் கிளர்ச்சியே வேண்டியிருந்திராது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் ஈ. வெ. ரா. மலாயாவுக்கு வந்து பேசினார். அக்காலத்துச் சீர்திருத்தக்காரர் சமபந்தி போஜனம் என்பதை ஒரு கொள்கையாகவே கொண்டிருந்தனர். அந்தப் போஜனங்களில் எந்தெந்த ஜாதியார் பக்கத்திற் பக்கத்தில் அமர்ந்தனர் என்று பெருமையாய்ப் பேசுகிறோம். பாத்திரம் கழுவியவர் எப்பொழுது உண்டார் என்பது பேச்சிலேயே வருவதில்லை.

இன்னுமொன்று. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலியைப் பற்றி மட்டும் அவர்கள் பேசவில்லை. கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றார்கள். சைக்கிளில் வருகிற தொழிலாளி துரையைக் கண்டதும் கீழே இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். சைக்கிளை விட்டு இறங்குவதால் எலும்பு தேய்ந்துவிடுமா? தேயாது. மானம் தேயும். துரைக்காகச் சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்ற அதே தொழிலாளி, தான் உண்டெழும் வரையில் மனைவி சுவரோரம் நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தானே, அதை என்னவென்று சொல்வது?

நிற்பவள் யார் என்பதையும் சிறிது பார்ப்போம். பெரட்டு விடியுமுன்னே. ஆகவே தோட்டத்துப் பெண் மூன்று, நான்கு மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டினாள். புருஷனுக்கும் தனக்கும் கொண்டுபோகச் சோறு கட்டினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் ஆயாக்கொட்டகையில் விட்டாள். நிரைப்பிடித்து மரம் வெட்டினாள். பால் வாளிகளைத் தூக்கி ஸ்டோருக்கு நடந்தாள். உச்சிப்பொழுது கழிந்து லயத்திற்குத் திரும்பினால், ஆடவன் குளித்துவிட்டுத் திண்ணையில் சாய்வான். அவளுக்கோ அங்கே இரண்டாவது பெரட்டு தொடங்கும். லயத்தின் பின்புறத்து முருங்கையிலே கீரை ஒடிப்பாள். நெத்திலியைக் கிள்ளிப் பொரிப்பாள். ஒட்டுக்கடையிலே கடன் சொல்லி வாங்கிய கருவாட்டை எட்டுப் பேருக்குப் பங்கிடுவாள். 1920களின் இறுதியில் சர்க்கார் வகுத்த கூலி விகிதத்தில், பல வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. காட்டிலே அவளுக்குப் பத்துக் காசு குறைவு என்றது அரசாங்கம். அது வெள்ளைக்காரன் செய்த அநியாயம் என்று நாம் சொல்லலாம். வீட்டிலே அவளுக்குக் கறி குறைவு என்றது யார்?

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அரிசி அரிதாகி, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. ஆடவர் பலர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். பலர் திரும்பவே இல்லை. எஞ்சிய குடும்பங்களைக் கிழங்கைக் கொண்டும் கீரையைக் கொண்டும் காத்தவர்கள் பெண்களே. பானை நிறைந்திருக்கும் நாளில் கடைசியில் உண்பவள் ஆறியதை உண்கிறாள். பானை குறைந்த நாளிலோ, கடைசியில் உண்பவள் என்றால் உண்ணாதவள் என்றே பொருள். இன்றைக்கும் அச்சங்கதி முற்றிலும் பழங்கதையாகிவிடவில்லை. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பத்துப் பேருக்கு ஏறத்தாழ மூவர் இரத்தச் சோகையுடையோர். இஃது எல்லா இனத்தாரையும் சேர்த்த கணக்கு, காரணங்களும் பல. ஆயினும், இறைச்சியும் மீனும் கடைசியாய்ச் சேரும் தட்டு எவருடையது என்பதை அவரவர் வீட்டிலே ஒரு வாரம் கவனித்துப் பார்க்கும்படி வேண்டுகிறோம்.

அடுக்களை அறிவு அற்பமானது என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்னும் நோய் இந்நாட்டில் மக்களைக் கொள்ளைகொண்டது. ஈயச் சுரங்கங்களிலே உழைத்த சீனர் கால் மரத்து, உடல் வீங்கி, நெஞ்சடைத்து மாண்டனர். அதே நாட்டில், தோட்டங்களிலே உழைத்த தமிழரை அந்நோய் பெரிதும் அணுகவில்லை. நெகிரி செம்பிலானில் வைத்தியராயிருந்த பிராடன் என்பவர் இதனைக் கூர்ந்து நோக்கி 1907இல் நூலொன்று வெளியிட்டார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்னும் வைத்தியர் 1905, 1906ஆம் ஆண்டுகளில் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். முதற்பிரிவில் பெரிபெரி பரவியது. இரண்டாவதில் புதிதாக எவருக்கும் வரவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குகிறதென்பதும், அது தயமின் என்னும் வைட்டமின் பி1 என்பதும் பின்னரே தெளிவாயின. வீட்டு முற்றத்திலே அண்டா வைத்து நெல் அவித்து உலர்த்திய நம் பாட்டிமாருக்கு வைட்டமினைத் தெரியாதுதான். எனினும் அவர்கள் கைப்பழக்கம் உயிர்களைக் காத்தது. உயிர் காத்தவருக்கு நாம் அளித்த இடம் அடுப்பங்கரை மூலை.

இனி, மறுப்பாளர் கொண்டுவரும் பெரிய ஆயுதத்தைப் பார்ப்போம். அது சங்க இலக்கியம். குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய 167ஆம் பாட்டை அறியாத பிரசங்கி இல்லை. புதிதாய் இல்லறம் புகுந்த பெண் தன் கையாலேயே தயிர் பிசைந்து, தாளிதப் புகை கண்ணிற் படியப் புளிக்குழம்பு ஆக்குகிறாள். கணவன் உண்டு, நன்றாயிருக்கிறது என்கிறான். அவள் முகம் மலர்கிறது. பாட்டு அழகியது என்பதில் நமக்கு ஐயமில்லை. அவன் வாய் திறந்து நன்றென்று சொன்னானே, அதற்காகவே அவனைப் பாராட்டலாம்; நம்மிற் பலர் உப்புக் குறைந்தாலன்றி வாய் திறப்பதில்லை. ஆனால் அப்பாட்டைக் காட்டி, "பார்த்தீர்களா, ஆக்கி ஊட்டுவதிலேயே தமிழ்ப்பெண் இன்பங் கண்டாள்" என்று முடிப்பவர்களுக்குச் சொல்கிறோம்: அவள் பிறகு உண்டாளா, எதை உண்டாள் என்பதைப் புலவர் பாடவில்லை. புலவர் பாடாததற்கு நீங்கள் பொருள் கூற வேண்டாம்.

வள்ளுவரும் விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். விருந்தினரை வெளியே இருத்திவிட்டுத் தான் மட்டும் உண்பது, உண்ணும் பொருள் எத்தனை உயர்ந்ததாயினும், விரும்பத்தக்கதன்று என்பது அதிலே அவர் கருத்து. நன்று. வாயிலில் நிற்கும் அயலாருக்கு இந்த மரியாதை உண்டென்றால், அடுக்களையில் நிற்கும் மனையாளுக்கு இல்லையா? வந்தவருக்கு இலை போட்டு, வாழ்க்கைத் துணைக்கு இலை போடாதவன் விருந்தோம்பியவனாவானா?

"கொடுப்பதிலே தாய்க்கு ஒரு திருப்தி இருக்கிறது, அதை ஏன் கெடுக்கிறீர்?" என்பது அடுத்த வாதம். இதில் உண்மை சிறிதும் இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். கோழிக்கறி ஆக்கிய சட்டியிலே சூடான சோற்றைக் கொட்டிப் பிசைந்து, சுற்றிலும் உட்கார்ந்த பிள்ளைகள் கையில் ஒவ்வோர் உருண்டையாய் வைப்பாளே, அந்தச் சட்டிச்சோற்றின் சுவைக்கு நிகர் எந்த ஓட்டலிலும் இல்லை. சம்பள நாளிலே தோட்டத்தில் வளர்ந்தவர் எவரும் அதை மறக்கமாட்டார். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த அந்தத் தாயின் மகிழ்ச்சி பொய்யன்று. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். சட்டிச்சோறு பிள்ளைகளுக்கு விளையாட்டு. அதற்கு முன் அவர்களுக்குத் தட்டுச்சோறு கிடைத்துவிட்டது. அவளுக்கோ சட்டியின் அடியே சாப்பாடு. கொடுப்பதில் இன்பம் உண்டென்றால் அந்த இன்பத்தை ஆடவரும் சிறிது அனுபவித்துப் பார்க்கலாமே! அத்தனை உயர்ந்த இன்பத்தைப் பெண்களுக்கே விட்டுக்கொடுத்து, நாம் மட்டும் மீன் தின்னும் தாழ்ந்த இன்பத்தோடு அமைந்துவிடும் நமது தியாகம் வியக்கத்தக்கதே.

காலம் மாறிவிட்டதென்பர். மாறியதுதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது, செம்பனை நின்ற இடத்தில் வீட்டுமனை. லயத்துப் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் இன்று அடுக்குமாடி வீடுகளில் இருக்கின்றனர். மனைவியும் தொழிற்சாலைக்கோ அலுவலகத்துக்கோ சென்று சம்பளம் வாங்குகிறாள். ஆனால் மாலையில் இருவரும் ஒரே நேரத்தில் வீடு திரும்பினால், செருப்பைக் கழற்றியவன் நாற்காலிக்கும் கைப்பேசிக்கும் போகிறான். அவள் கைப்பையை வைத்த கையோடு அரிசி களைகிறாள். பெரட்டு ஒழிந்தாலும் இரண்டாவது பெரட்டு ஒழியவில்லை.

பிரிக்பீல்ட்சிலோ சிங்கப்பூர்த் தேக்காவிலோ வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒரே மேசையில் அமர்கின்றனர். பக்கத்து மேசையில் சீனக் குடும்பம், அதற்கப்பால் மலாய்ச் சிநேகிதர். எல்லோருக்கும் ஒரே வேளையில் இலை விழுகிறது. எல்லோருக்கும் அப்பளம் மொறுமொறுவென்றே வருகிறது. ஆடவர் உண்டெழட்டும், பெண்கள் பிறகு வரட்டும் என்று கடைக்காரர் சொன்னால் மேசையைக் கவிழ்த்துவிடுவோம். காசு கொடுத்துண்ணும் கடையிலே கிடைக்கும் சமத்துவம், அன்பினால் ஆக்கியுண்ணும் வீட்டிலே கிடைக்கவில்லையென்றால், அன்பைவிடக் காசே நேர்மையுள்ளது என்றாகிறது. இது நமக்குப் பெருமையா?

வசதி படைத்த வீடுகளில் ஒரு முன்னேற்றம் ஏற்பட்டிருப்பதை மறைக்கலாகாது. அங்கே அம்மையார் ஐயாவோடு மேசையில் அமர்ந்து சூடாக உண்கிறார். மெத்தச் சரி. கடைசியில் உண்பவர் யார்? இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ, நம் தமிழ்நாட்டிலிருந்தே கூடவோ வந்த பணிப்பெண். அவள் அடுக்களையிலே நின்றபடி எஞ்சியதை உண்கிறாள். இரண்டாம் பந்தியை நாம் ஒழிக்கவில்லை. அதில் உட்கார வேறு ஒருத்தியைக் கடல் கடந்து வரவழைத்திருக்கிறோம். ஒரு காலத்தில் நம் பாட்டன்மாரும் அவ்வாறே கடல் கடந்து வரவழைக்கப்பட்டவர்கள்தாம்.

"தோசை சுடும்போது ஒருவர் கல்லடியில் நிற்கத்தானே வேண்டும்? எல்லோரும் உட்கார்ந்துவிட்டால் யார் சுடுவது?" என்று ஒரு நண்பர் நம்மை மடக்கினார். நியாயமான கேள்வி. கல்லடியில் ஒருவர் நிற்க வேண்டும். ஒருத்தியே நிற்க வேண்டுமென்பதில்லை. முதல் நான்கு அவள் சுட்டால் அடுத்த நான்கை அவன் சுடட்டும்; பதினாறு வயதுப் பையனுக்கும் கையுண்டு. ஆடவன் கைக்குக் கரண்டி பொருந்தாது என்று சொல்லாதீர்கள். நம் கலியாணங்களிலும் கோயில் அன்னதானங்களிலும் அண்டாவிலே துடுப்புப் போடுபவர் பெரும்பாலும் ஆடவரே. கடைவீதியில் ரொட்டி சானாய் வீசுகிறவரும் ஆடவரே. கூலிக்கும் புகழுக்கும் சமைக்கத் தெரிந்த கை, சொந்த வீட்டின் படியேறியதும் முடங்கிப் போவதென்றால் அது நோயன்று, கள்ளத்தனம்.

இதை எழுதுகிற நாமும் இந்தக் கள்ளத்தனத்தில் பல்லாண்டு திளைத்தவர்களே. கூட்டத்தில் பெண்ணுரிமை பேசிவிட்டு நடுநிசியில் வீடு திரும்பி, ஆறிய குழம்பைச் சுடவைக்கச் சொல்லி உறங்கியவளை எழுப்பியிருக்கிறோம். ஆகவே பிறருக்குச் சொல்லுமுன் நம் வீட்டில் தொடங்கினோம். எளிதாயில்லை. முதல் நாள் உட்காரச் சொன்னபோது, "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்" என்றாள். இரண்டாம் நாளும் அதுவே. மூன்றாம் நாள் கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, அவள் உட்காரும் வரையில் ஒருவரும் சோற்றில் கை வைப்பதில்லையென்று பிள்ளைகளும் நாமும் காத்திருந்தோம். உட்கார்ந்தாள். மீனில் எந்தத் துண்டு வேண்டும் என்று கேட்டோம். "எனக்கு வால்தான் பிடிக்கும்" என்று பழக்கத்தாற் சொன்னாள். மூத்த மகள் நடுத்துண்டை எடுத்து அவள் தட்டிலே வைத்தாள். இரண்டு வாய் உண்டபின், நடுத்துண்டில் முள் இத்தனை குறைவாயிருக்குமென்று தெரியாது என்றாள். அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அந்த அடுப்பில் முப்பது ஆண்டாய் மீன் ஆக்கியவள்.

அன்பர்காள், வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலும் மீன் வாங்குவீர்கள். உரையாடிக்கொண்டே எல்லோரும் ஒன்றாய் உட்காருங்கள். அவள் மறுப்பாள், காத்திருங்கள். குழம்பு ஆறினால் ஆறட்டும்.